அண்ணே, அந்த 1500 சிசி வேணாம்ணே!

பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. வார நாள்ல ஆபீஸ் ஆணி, சனி ஞாயிறு கடல். இன்னிக்கும் எழுதற உத்தேசம் இல்ல. ஆனா கூட பொட்டி தட்டற மதுரைக்கார அண்ணன் ஒருத்தர் நேத்து மதியச் சாப்பாட்டுல, "தம்பி, முடிவு பண்ணிட்டேன். கவாஸாகி எஸ்எக்ஸ்-ஆர், புத்தம் புதுசு. அடுத்த வாரம் முன்பணம் கட்டறேன். பிஸ்மோ அலைக்கு இனி உன்கூட நானும் வருவேன்"னு சொன்னார். எனக்கு தயிர்சாதம் தொண்டையில நின்னுடுச்சு. அரைமணி நேரம் கத்திப் பார்த்தேன், மனுஷன் மசியல. அதான் இங்க வந்து கத்தறேன். அண்ணன் இந்த வலைப்பூவை விடாம படிப்பார், பின்னூட்டம் மட்டும் போட மாட்டார் :-)

கோவாவுலயோ முட்டுக்காட்டுலயோ வாட்டர் ஸ்கூட்டர்னு உக்காந்து ஓட்டியிருப்பீங்களே, நான் சொல்றது அது இல்ல. இது நின்னு ஓட்டறது. சீட்டே கிடையாது. ஒரு ஆள் நிக்க பின்னாடி ஒரு பள்ளம், முன்னாடி மேல கீழ அசையற ஒரு தண்டு, அது நுனியில ஹேண்டில்பார். அம்புட்டுதான். உண்மையில இதுதான் ஒரிஜினல். கிளேட்டன் ஜேக்கப்சன்னு ஒரு மோட்டோகிராஸ் பந்தயக்காரரோட யோசனையில கவாஸாகி 1973ல விட்ட முதல் ஜெட் ஸ்கி நின்னு ஓட்டற ரகம்தான். குடும்பத்தோட உக்காந்து போற சோஃபாவெல்லாம் அப்பறம் வந்தது. இதை எடுத்துக்கிட்டுப் போய் உடையற அலையில ஏறி, தாவி, வளைச்சுத் திருப்பறதுதான் நம்ம விளையாட்டு.

அண்ணன் சொல்ற நியாயத்தை முதல்ல சொல்லிடறேன், இல்லேன்னா நேர்மை இல்ல. "புதுசு வாங்கினா வாரண்டி உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்னா புகை இல்ல. பவர் ஜாஸ்தின்னா ரெண்டு வருஷம் கழிச்சு மாத்த வேண்டாம்." மூணும் சரி. பைக் வாங்கறதுக்கும் கார் வாங்கறதுக்கும் நம்ம வீடுகள்ல இப்படித்தான் கணக்குப் போடுவாங்க. ஆனா அமைதியான ஏரிக்குப் பொருந்தற கணக்கு, அலை உடையற இடத்துல தலைகீழா கவுந்துடும்.

விஷயம் எடை. அந்த எஸ்எக்ஸ்-ஆர் 2017ல வந்தது. 1498 சிசி, நாலு சிலிண்டர், எடை சுமார் 250 கிலோ. யமஹா சூப்பர்ஜெட்டோட பழைய டூ ஸ்ட்ரோக், 701 சிசி, ரெண்டு சிலிண்டர், சுமார் 140 கிலோ. நூத்திப்பத்து கிலோ வித்தியாசம்ணே! அண்ணியையும் பசங்க ரெண்டு பேரையும் முன்னாடி ஏத்திக்கிட்டு ஓட்டக் கத்துக்கற மாதிரி.

"அதான் பவர் இருக்கே, இழுத்துடாதா?"ன்னு கேட்டார். இங்கதான் எல்லாரும் ஏமாறறாங்க. ஜெட் ஸ்கிக்கு வெளிய ப்ரொப்பெல்லர் கிடையாது. அடியில தண்ணியை உறிஞ்சி, உள்ள சுத்தற இம்பெல்லர் அதைப் பின்னாடி பீச்சி அடிக்கும், அந்த உதைப்புலதான் வண்டி போகும். அலை உடைஞ்ச இடத்துல இருக்கறது தண்ணி இல்ல, நுரை. பாதி காத்து. இம்பெல்லருக்குப் பிடிமானமே கிடைக்காது. இன்ஜின் வீல்னு அலறும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். அந்த நேரத்துல 160 குதிரையும் சும்மா கத்திக்கிட்டுத்தான் இருக்கும். அடுத்த அலை வர்றதுக்குள்ள மூக்கைத் திருப்பறது நம்ம கால் எடையும் இடுப்பும்தான். 140 கிலோவைத் திருப்பலாம். 250 கிலோ? வருஷக்கணக்கா ஓட்டினவன் திருப்புவான். நேத்து வாங்கினவன் திருப்ப மாட்டான்.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன். நான் இந்த விளையாட்டுக்கு வந்த முதல் வருஷம். நண்பர் ஒருத்தரோட பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்கை "ஒரு ரவுண்டு"ன்னு கெஞ்சி வாங்கினேன். ஏரியில நல்லா ஓட்டுவேங்கற திமிர். மூணாவது அலையில விழுந்தேன், கையில கட்டின கயிறு இழுத்து இன்ஜின் நின்னுடுச்சு. வரைக்கும் சரி. முழங்கால் ஆழத்துல எழுந்து நின்னு வண்டியைப் பிடிக்கப் போனேன். நான் நின்ன இடம் வண்டிக்கும் கரைக்கும் நடுவுல. அடுத்த அலை வண்டியைத் தூக்கி என்மேல போட்டுச்சு. வலது தோள் இறங்கிடுச்சு. ஏழு வாரம் கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டு இடது கையால கோட் அடிச்சேன். தப்பு வண்டி மேல இல்ல, முழுக்க என்மேலதான். வண்டிக்குக் கடல் பக்கமாத்தான் நிக்கணும்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு, கத்துக்கறவன் இந்த மாதிரித் தப்பைக் கண்டிப்பாப் பண்ணுவான். அந்தத் தப்பை 140 கிலோவோட பண்ணப் போறீங்களா, 250 கிலோவோடவா? இதுதான் அண்ணே நான் கேக்கற ஒரே கேள்வி. அதோட, பக்கத்துல பூகி போர்டு வெச்சுக்கிட்டு பசங்க விளையாடிட்டு இருப்பாங்க. ஆளில்லாம அலையோட உருண்டு போற வண்டிக்கு பிரேக் கிடையாது.

அடுத்து தண்ணி குடிக்கறது. அலையில ஓட்டினா ஒருநாள் இல்ல ஒருநாள் இன்ஜினுக்குள்ள கடல் தண்ணி போகும். "எனக்குப் போகாது"ன்னு சொல்றவன் இன்னும் அலைக்குப் போகலைன்னு அர்த்தம். பழைய டூ ஸ்ட்ரோக்ல போனா? ரெண்டு ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டு, வண்டியைச் சாய்ச்சு ஸ்டார்ட்டரைச் சுத்து, தண்ணி பீச்சி அடிக்கும், எண்ணெய் விடு, ப்ளக்கைத் துடைச்சு மாட்டு. மணல்ல உக்காந்தே அரைமணியில முடிச்சுட்டு மறுபடி கடலுக்குப் போயிருக்கேன். ஃபோர் ஸ்ட்ரோக்ல தண்ணி எண்ணெயோட கலந்து மோர்க்குழம்பு நிறத்துல வரும். திரும்பத் திரும்ப எண்ணெய் மாத்தணும், உப்பு உள்ள வேலையைக் காட்டறதுக்குள்ள பண்ணணும். அன்னிக்கு நாள் அதோட காலி. கவுத்துப் போட்டு ஓட்டினதுக்கெல்லாம் வாரண்டி வரும்னு எதிர்பார்க்கறதை அண்ணன் இப்பவே விட்டுடணும்.

சரி, எதிர்க்கட்சி ஒண்ணு இருக்கு. "கத்துக்கத்தானே, பழைய கவாஸாகி 550 சல்லிசா கிடைக்குது, அதுல ஆரம்பி"ன்னு அட்வைஸ் பண்ற பெருசுங்க. அதுவும் தப்பு. அந்த ஹல் ஒல்லி, அலையில ஓணான் மாதிரி ரெண்டு பக்கமும் ஆடும். நுரையைத் தாண்டி வெளிய போக உந்துதலும் பத்தாது. கஷ்டப்பட்டு நாலு வாரம் விழுந்துட்டு "இது நமக்கு ஒத்து வராது"ன்னு வித்துட்டுப் போனவங்களைப் பார்த்திருக்கேன். இன்னொரு கோஷ்டி, எடுத்த எடுப்புல கார்பன் ஹல்லு, ஆயிரம் சிசி ஃப்ரீஸ்டைல் இன்ஜின்னு இறங்கற சீமான்கள். அவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்ல, பணம் அவங்களோடது.

அப்ப என்னதான் வாங்கறது? சூப்பர்ஜெட் 1990ல வந்தது. 1994ல 701 இன்ஜின், 1996ல உருண்டை மூக்கு, 2008ல புது ஹல், 2020 மாடலோட டூ ஸ்ட்ரோக் முடிஞ்சுது. 2021லேர்ந்து வர்றது 1049 சிசி ஃபோர் ஸ்ட்ரோக், 170 கிலோ. அருமையான வண்டி, பாதி நேரம் ஏரியில ஓட்டறவருக்கு நானே சிபாரிசு பண்ணுவேன். ஆனா அலைக்கு, முதல் வண்டிக்கு, 1996க்கு அப்பறம் வந்த 701, யாரும் ரொம்பக் கை வைக்காத ஒண்ணு. உதிரி பாகம் எங்கயும் கிடைக்கும். ரெண்டு பேர் சேர்ந்தா தள்ளுவண்டியில தூக்கி வெச்சு மணல்ல இழுத்துடலாம்.

மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாக்கற மாதிரி பார்த்துத்தான் வாங்கணும். கம்ப்ரஷன் மீட்டர் எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல 10 பிஎஸ்ஐக்கு மேல வித்தியாசம் இருந்தா டீ குடிச்சுட்டுத் திரும்பி வந்துடுங்க. ஹல்லுக்குள்ள மிதக்கறதுக்கு ஒரு நுரைப்பஞ்சு வெச்சிருப்பாங்க. பழசானா அது தண்ணியை உறிஞ்சிடும், வெளிய தெரியாது. பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்க, அதுக்கப்பறமும் சந்தேகம்னா எடை போட்டுடுங்க. நம்ம வாதமே எடைதானே, அதுல கோட்டை விடக் கூடாது. ஹல்லுல 12 எழுத்து எண் இருக்கும், அது பேப்பரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. 'உள்ள புதுசா ரீபில்டு பண்ணினது'ன்னு ஒருத்தர் என்கிட்ட சத்தியம் பண்ணினார். ஹெட்டைத் திறந்தா பிஸ்டன்ல கண்ணு தெரியாதவன் உளி வெச்ச மாதிரிக் கோடு.

மிச்சமாகற காசை இன்ஜின்ல போடாதீங்க, முதல் வருஷம் அதைத் தொடவே வேண்டாம். தண்ணி இறைக்க பில்ஜ் பம்ப், இன்ஜின் மூடி பிச்சுக்காம இருக்க நல்ல பட்டை, கால் நுழைக்கற பிடி, ஹெல்மெட், நெஞ்சுக்கு அடி தாங்கற லைஃப் ஜாக்கெட். இதுல ஹெல்மெட்டை மட்டும் 'பாக்கலாம்'னு தள்ளிப் போடாதீங்க, அந்த ஹேண்டில் தண்டு நேரா தாடைக்குத்தான் வரும்.

டூ ஸ்ட்ரோக் கடலை நாசம் பண்ணுதேன்னு ஒரு கேள்வி வரும். வரட்டும், நியாயமான கேள்வி. கார்புரேட்டர் வெச்ச டூ ஸ்ட்ரோக் எரியாத பெட்ரோலைக் கணிசமா வெளிய தள்ளும். டாஹோ ஏரியில 1999லயே இதுக்குத் தடை போட்டது சரிதான். 50க்கு 1 எண்ணெய் கலக்கும்போது வர்ற வாசனை எனக்குச் சித்தப்பாவோட ஆர்எக்ஸ் 100ஐ ஞாபகப்படுத்தும், ஆனா அது ஒரு சமாதானம் ஆகாது. இதுல எனக்கு முழுசா பதில் இல்ல. அலை இல்லாத நாள்ல நான் எடுக்கறதில்ல, மாசத்துக்கு ரெண்டு தடவைதான். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்க ஓட்டறதுங்கறதையும் அண்ணன் யோசிச்ச மாதிரித் தெரியல. சான் ஹொசேலேர்ந்து சான்டா குரூஸ் பக்கம்தான், ஆனா அது மாண்டரே கடல் சரணாலயம். ஜெட் ஸ்கிக்குன்னு குறிச்சு வெச்ச சில இடங்களைத் தவிர எங்கயும் எடுக்கக் கூடாது. சரணாலய எல்லை கேம்ப்ரியா வரைக்கும் நீளுது, அதைத் தாண்டிப் போகணும். அதனாலதான் மூணு மணி நேரம் 101ல பிஸ்மோவுக்கு ஓட்டறோம். 2025லேர்ந்து கலிஃபோர்னியாவுல மோட்டார் வெச்ச எதை ஓட்டினாலும் எந்த வயசுக்காரரும் படகோட்டி அட்டை வெச்சிருக்கணும். அண்ணே, பரீட்சை எழுதியாச்சா?

வர்ற சனிக்கிழமை சேக்ரமெண்டோ பக்கம் ஒரு 2004 உருண்டை மூக்கு விலைக்கு இருக்கு. ஃபோட்டோவுல சுத்தமாத்தான் தெரியுது, உள்ள எப்படின்னு நேர்லதான் பாக்கணும். காலைல ஆறு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல ஹாரன் அடிப்பேன். மீட்டரும் தராசும் என் கார்ல இருக்கு. அண்ணிகிட்ட இட்லி மட்டும் கட்டச் சொல்லிடுங்க.

டிஸ்கி: எஸ்எக்ஸ்-ஆர் ரசிகர்கள் பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம். கும்மறதுக்கு முன்னாடி, நீங்க ஓட்டறது ஏரியா அலையான்னு மட்டும் ஒரு வரி எழுதிடுங்க.