சென்னை எவ்வளவு தூரம்?

பாயான் லெப்பாஸில் உள்ள பினாங்கு அனைத்துலக விமான நிலையத்திற்கும் சென்னை விமான நிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,360 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம்கூட ஆகாது. ஆயினும், பினாங்கில் வாழும் பலருக்குச் சென்னைப் பயணம் நெடுங்காலம் ஒரு முழுநாள் பாடாகவே இருந்தது. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, வேறு விமானம் ஏற வேண்டும்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னை நமக்கு வடமேற்கே உள்ளது. கோலாலம்பூர் தென்கிழக்கே உள்ளது. சென்னைக்குப் போக வேண்டியவர் முதலில் எதிர்த்திசையில் 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறார். இதனால் மொத்தப் பயணத்தில் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் கூடுகிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்திற்கு அது ஒரு மணி நேரத்திற்கும் குறைவான வேலைதான். பயணத்தை நீட்டுவது தூரமன்று, காத்திருப்பு. முதல் விமானம் தாமதமானால் அடுத்தது போய்விடுமோ என்ற கவலையும் உடன் வரும்.

கடிகாரமும் நம்மைக் குழப்பும். பினாங்கில் காலை மணி 9.30க்குப் புறப்பட்டு 3 மணி 40 நிமிடம் பறந்தால், சென்னையில் மணி 10.40தான் ஆகியிருக்கும். திரும்பும்போது சென்னையில் பின்னிரவு மணி 2.00க்கு ஏறினால், இங்கே இறங்கும்போது காலை மணி 8.10. போகும்போது ஒரு மணி சொச்சம், வரும்போது ஆறு மணிக்கு மேல்! பறந்த நேரம் இரண்டிலும் ஒன்றே. இரு நாட்டு நேரத்திற்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு இருப்பதே காரணம். சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் வேறுபாடு 80 நிமிடம் அளவில்தான் வரும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டது; அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணியாக இருந்தது.

2024 டிசம்பர் 21ஆம் நாள் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடிச் சேவையைத் தொடங்கியது. நேரடிச் சேவை ஒரு வசதிதானே, மாறிச் செல்லும் பயணச்சீட்டு சில வேளைகளில் மலிவாகவும் கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இளைஞர்களுக்கு அது பொருந்தும். சக்கர நாற்காலியில் செல்லும் பாட்டிக்கு இரண்டு முறை ஏறி இறங்குவது பெருஞ்சுமை. தமிழ்நாட்டில் உடன்பிறந்தவர் இறந்த செய்தி விடியலில் வந்தால், நேரடி விமானத்தில் ஏறுபவர் நல்லடக்கத்திற்குப் போய்ச் சேரலாம். காத்திருந்து மாறுபவர் முகம் பார்க்காமலே போகக்கூடும். ஆகவே, ஒரு வழித்தடம் நிலைக்க வேண்டுமா என்பதை நிரம்பிய இருக்கைகளை மட்டும் எண்ணி முடிவுசெய்வது சரியன்று என்பது என் கருத்து.

ஆண்டுக்கு 12 மில்லியன் பயணிகளைக் கையாளும் அளவுக்குப் பாயான் லெப்பாஸ் நிலையத்தை விரிவாக்கத் திட்டம் வகுக்கப்பட்டுள்ளது. புதிய இடத்தில் கோலாலம்பூர் விமானங்களுக்கு எவ்வளவு, சென்னை, திருச்சி போன்ற நகரங்களுக்கான நேரடி விமானங்களுக்கு எவ்வளவு என்று பினாங்கு மக்கள் இப்போதே கேட்க வேண்டும்.