பேஸ்ட் செய்த கோட் ஏன் படிக்கட்டு ஆகிறது?

விம் எடிட்டரில் பத்து வரி பைத்தான் கோடை பேஸ்ட் செய்தால், சில நேரம் ஒவ்வொரு வரியும் வலப்பக்கம் நகர்ந்து படிக்கட்டு மாதிரி நிற்கும். "பழைய எடிட்டர்னா இப்படித்தான்" என்று பலரும் ஸ்பேஸை அழித்துக்கொண்டு உட்கார்கிறார்கள். அழகு மட்டும் கெட்டால் பரவாயில்லை.

ஆனால், பைத்தானில் இன்டென்டேஷன்தான் இலக்கணம். 100 பேர் பட்டியலைப் படிக்கும் லூப், அதன் உள்ளே ஒரே வரி. அது முடிந்ததும், 'மெயில் அனுப்பு' என்று வெளியே ஒரு வரி. அந்த வரியை ஆட்டோ இன்டென்ட் உள்ளே தள்ளினால், லூப்போடு சேர்ந்துவிடும். எரர் வராது. ஒரு மெயில் போகவேண்டிய இடத்தில் 100 மெயில் போகும்.

ஏன் இப்படி? பேஸ்ட் செய்வதை, யாரோ வேகமாக டைப் செய்வதாகவே எடிட்டர் எடுத்துக்கொள்கிறது. முந்தைய வரியின் இடைவெளியை அடுத்த வரிக்கும் போடுகிறது. கோடில் ஏற்கெனவே இருக்கும் இடைவெளியும் அதோடு சேர்கிறது.

விம் 8-ன் பிந்தைய பதிப்புகளில் 'பிராக்கெட்டட் பேஸ்ட்' வசதி உண்டு. பேஸ்ட் தொடங்குவதையும் முடிவதையும் டெர்மினலே சொல்லிவிடும். அது இல்லாத பழைய சர்வர்களில், முதலில் 'செட் பேஸ்ட்', முடிந்ததும் 'செட் நோபேஸ்ட்'. இரண்டாவதை மறந்தால் ஆட்டோ இன்டென்ட் வேலை செய்யாது.

இதற்காக ஆட்டோ இன்டென்டையே நிரந்தரமாக நிறுத்துவது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ரன் கொடுக்கும் முன், பேஸ்ட் செய்த கோடின் இடது ஓரத்தை மேலிருந்து கீழே ஒருமுறை பாருங்கள். பத்து விநாடி வேலைதான். அந்த 100 மெயிலைத் திரும்பப் பெற முடியாது.