கையிலே கயிறு, கல்விக்குக் கட்டு!

தோழரே,

ஆண்டுதோறும் மே திங்கள் வருகிறது. உடன் தேர்வு முடிவும் வருகிறது. மாநிலத்தில் முதலிடம் யார், இரண்டாம் இடம் யார் என்று தரவரிசை அறிவிக்கும் வழக்கத்தை 2017-ஆம் ஆண்டிலேயே அரசு நிறுத்திவிட்டது. ஆயினும் என்ன? ஊரார் நாவிலே அவ்வரிசை இன்னும் நிற்கிறது! கங்கைகொண்டான் விலக்கிலே ஒரு தேநீர்க் கடைப் பலகையில் சிறிது நேரம் அமர்ந்து பாருங்கள். "அவனுக்கு நல்ல மண்டை; எடுத்துவிட்டான். இவனுக்கு மண்டையில் ஒன்றுமில்லை, கோட்டைவிட்டான்" என்று ஒருவர் தீர்ப்புக் கூறுவார். "எல்லாம் வம்ச வாசி ஐயா" என்று மற்றொருவர் முடித்து வைப்பார். தேநீர் ஆறுவதற்குள் இரண்டு பிள்ளைகளின் எதிர்காலம் முடிவாகிவிடும்!

மண்டையாம்! வம்சமாம்! இந்தச் சொற்கள் எத்துணை வசதியானவை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தோற்ற பிள்ளையின் மண்டை மீது பழியைப் போட்டுவிட்டால், பள்ளியை எவரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஊரையும் கேட்க வேண்டியதில்லை. அரசையும் கேட்க வேண்டியதில்லை. பிள்ளை தோற்றான், உலகம் தப்பித்தது! இதனை நாம் ஒப்புவதற்கில்லை. ஒரு பிள்ளை படித்து மேலேறுவதற்கு எவை எவை துணை நிற்கின்றன என்பதைத் தாமிரபரணிக் கரை நமக்குப் பாடமாகவே எழுதி வைத்திருக்கிறது. அப்பாடத்தைத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களோடு சேர்ந்து படிக்க விழைகிறேன்.

முதலில் கங்கைகொண்டானையே காணுங்கள். கங்கை வரை படை நடத்திய முதலாம் இராசேந்திர சோழனின் பட்டப் பெயரைத் தாங்கிய ஊர். சிற்றாற்றங்கரையிலே கயிலாசநாதர் கோயில். நெல்லையிலிருந்து மதுரை செல்லும் பெருவழி ஊரைத் தொட்டுச் செல்கிறது. அதே வழியில் வடக்கே சென்றால், 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு. பழைமைக்குக் குறைவில்லை. புதுமைக்கும் குறைவில்லை! சிப்காட் தொழிற்பேட்டை இங்கே எழுந்தது. சக்கரப் பட்டை செய்யும் ஆலை வந்தது. இப்போது கதிரவனின் ஒளியை மின்சாரமாக்கும் சூரியத் தகடுகள் இங்கே உருவாகின்றன. டாட்டா நிறுவனத்தின் அந்தப் பெரிய ஆலையை 2025 பிப்ரவரியில் முதலமைச்சர் திறந்து வைத்தார். பெண்கள் பெருந்தொகையாகப் பணியாற்றும் ஆலை அது என்பது மகிழத்தக்க செய்தி.

ஆனால் ஒரு வினா எழுகிறது அல்லவா? அந்த ஆலையின் வாயிலில் இந்தப் பக்கத்துப் பிள்ளை எப்படி நுழையப் போகிறான்? பொறியாளனாகவா, பொறியாளருக்குக் கதவு திறந்துவிடும் காவலாளாகவா? ஆய்வுக்கூடத்தில் நிற்கப் போகிறவள் எவள்? அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கப் போகிறவள் எவள்? கூட்டுவது இழிவு என்று கூறவில்லை. எந்த உழைப்பும் இழிவன்று. ஆனால் இன்னார் பிள்ளை இதற்கு, இன்னார் பிள்ளை அதற்கு என்று பிறக்குமுன்பே எழுதி வைப்பது இழிவு. அந்த எழுத்தை அழிக்கும் கருவி பள்ளி ஒன்றே. ஆகவே பள்ளியிலே வெற்றி என்பது ஒரு வீட்டுச் செய்தியன்று; நாட்டு அரசியல்!

வெற்றிக்கு முதல் துணை எது? ஏடா? எழுதுகோலா? இல்லை, சோறு!

நெல்லை மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை ஒன்றுண்டு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது சேரன்மாதேவிப் பக்கம் வண்டியில் சென்றாராம். வழியில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனைப் பார்த்து, பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டாராம். "போனால் சோறு யார் போடுவார்?" என்று அவன் திருப்பிக் கேட்டானாம். கதையின் சொற்கள் ஆளுக்கு ஆள் மாறலாம். கதையின் உண்மை மாறவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்த நேர்ந்த காமராசருக்கு அந்தச் சிறுவனின் விடை விளங்கியது. 1953-இல் பாதி நாள் பள்ளி, பாதி நாள் பெற்றோர் தொழில் என்று வந்த திட்டத்தை 1954-இல் அவர் கைவிட்டார். 1950-களின் நடுவில் பகலுணவுத் திட்டத்துக்கு எட்டயபுரத்திலே உலை ஏற்றப்பட்டது. அன்று அவ்வூர் நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்தது. தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையில் ஓடிய அடுப்புக்குப் பின்னர் அரசும் பங்கு தந்தது. ஊரை அழைத்து ஊர்ப் பள்ளியைச் சீர்செய்யும் பணியில் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்றார்.

இந்த அடுப்பு ஒரே நாளில் மூட்டப்பட்டதன்று. ஒரே கட்சி மூட்டியதுமன்று. 1920-இலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே, பிட்டி தியாகராயரின் தலைமையில், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்தது. காமராசர் அதனைச் சிற்றூர்தோறும் கொண்டு சென்றார். 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரிவாக்கினார். கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது. ஆட்சிகள் மாறின, அடுப்பு அணையவில்லை! தமிழ்நாட்டு அரசியலின் பெருமைகளை எண்ணச் சொன்னால் முதல் விரலை இதற்குத்தான் மடக்க வேண்டும்.

கடல் கடந்தும் சற்றுப் பார்ப்போம். 1966-இல் அமெரிக்காவிலே ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர், ஆறு இலட்சம் மாணவருக்கு மேல் ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். பள்ளிக் கட்டடம், கருவி, நூலகம் இவற்றின் வேறுபாட்டைக் காட்டிலும், பிள்ளை வரும் வீட்டின் நிலையே படிப்பிலே பெரிதும் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்றார். உடனே சிலர், "பார்த்தீர்களா! வீடுதான் எல்லாம், பள்ளிக்குச் செலவிட்டு என்ன பயன்?" என்று கேட்டனர். தமிழ்நாடோ அதற்கு நேர்மாறான விடையை முன்பே கண்டிருந்தது. வீட்டிலே இல்லாததைப் பள்ளியிலே வை! சோறில்லையா, சோறு வை. உடையில்லையா, சீருடை கொடு. நூலில்லையா, நூல் கொடு. தொலைவா, பேருந்துச் சீட்டும் மிதிவண்டியும் கொடு. வழிகாட்டும் பட்டதாரி வீட்டில் ஒருவருமில்லையா, முதல் பட்டதாரிக்குக் கட்டணத்தை விலக்கு. அரசுப் பள்ளியில் படித்தவன் மருத்துவக் கல்லூரி வாயிலில் திகைத்து நிற்கிறானா, 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொடு. 2020-இல் அதுவும் வந்தது.

கோல்மன் அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. பலர் அதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். உடன் படிக்கும் தோழர் யார் என்பதும் பிள்ளையின் படிப்பை ஆக்கும் என்பதே அச்செய்தி. பிள்ளை ஆசிரியரிடம் மட்டுமா கற்கிறான்? பக்கத்துப் பலகைக்காரனிடம் கற்கிறான். கணக்கு வராதவனுக்குக் கணக்கு வருபவன் சொல்லித் தருகிறான். சொல்லித் தரும்போது அவனுக்கும் அது மனத்தில் ஊன்றுகிறது. ஓர் ஆசிரியர் இருக்கும் வகுப்பிலே உண்மையில் நாற்பது ஆசிரியர் இருக்கின்றனர்.

இங்கேதான், தோழரே, நெல்லைச் சீமையின் நெஞ்சில் தைத்திருக்கும் முள்ளைத் தொட வேண்டியிருக்கிறது.

காமராசர் கதை நடந்ததாகக் கூறும் அதே சேரன்மாதேவிக்கு இன்னொரு கதையும் உண்டு. இது வாய்மொழியன்று; வரலாறு. 1920-களின் தொடக்கத்தில் வ. வே. சு. ஐயர் அங்கே ஒரு குருகுலம் அமைத்தார். ஐயர் பெரும் தமிழறிஞர். நாட்டுக்காகத் துன்பம் ஏற்றவர். குருகுலமோ தேசியக் கல்வி தர எழுந்தது. காங்கிரசின் நிதியும் பெற்றது. ஆயினும் அங்கே பார்ப்பனச் சிறுவர் சிலருக்குத் தனிப் பந்தி நடந்தது! செய்தி வெளிவந்ததும் தமிழகம் கொந்தளித்தது. பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் எதிர்த்துப் போராடினர். 1924, 1925 ஆண்டுகளில் அது நாடறிந்த வழக்காயிற்று. பெரியார் காங்கிரசிலிருந்து விலகியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்றாயிற்று.

ஒரே ஊர், இரண்டு சோறு! ஒன்று, பிள்ளைகளைப் பிரித்த சோறு. மற்றொன்று, பிள்ளைகளைச் சேர்த்த சோறு. ஒரே பந்தியில் உண்ட தலைமுறை ஒரே பலகையிலும் அமர்ந்து படித்துவிடும் என்றுதான் நாம் நம்பினோம். நம்பிக்கை முழுதும் பலித்ததா?

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை, அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து, அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். வெட்டியவர் யார்? வெளியூர்க் கொள்ளையரா? அதே பள்ளி மாணவர்! வெட்டுண்டவன் உயிர் பிழைத்து, அடுத்த ஆண்டே தேர்வெழுதித் தேறினான். அவன் மன உறுதியைப் போற்றுவோம். ஆனால் அந்த உறுதியைக் காட்டி நம் வெட்கத்தை மறைக்க முடியுமா? மேலும், அரிவாள் ஏந்திய சிறுவர்களின் படிப்பு என்னாயிற்று? எழுதுகோல் பிடிக்க வேண்டிய கையிலே அரிவாளைத் திணித்த சாதி, தன் சொந்தப் பிள்ளையின் வாழ்வையுந்தான் வெட்டியது. இந்தக் கத்திக்கு இரு பக்கமும் கூர்!

நாங்குநேரி நடந்த பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அரசு அமைத்தது. 2024 சூன் திங்களில் அவர் அறிக்கை அளித்தார். கையிலே வண்ணக் கயிறு, விரலிலே மோதிரம், நெற்றியிலே குறி எனச் சாதியைக் காட்டும் அடையாளம் எதுவும் பள்ளியில் கூடாது. பள்ளிப் பெயரிலே சாதி கூடாது என்று அவர் பரிந்துரைத்தார். கயிற்றுச் செய்தி புதிதன்று. 2019-இலேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை சுற்றி வந்தது. கயிறு கையிலேயே இருந்தது!

"இது சமய நம்பிக்கை, இதைத் தொடலாமா?" என்று சிலர் கேட்கின்றனர். நேர்மையாக விடை கூறுவோம். கோயிலில் கட்டிய கயிறு காக்கும் என்று ஒருவன் நம்பினால் அது அவன் மனம். அதனோடு நமக்குப் போரில்லை. ஆனால் இந்த நிறம் இந்தச் சாதி, அந்த நிறம் அந்தச் சாதி என்று பேருந்து நிறுத்தத்திலேயே பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும் கயிறு, கடவுளுக்குக் கட்டியதன்று; அயலானுக்குக் காட்டக் கட்டியது.

"படிக்கிறவன் எங்கிருந்தாலும் படிப்பான்" என்று வேறு சிலர் கூறுவர். தெருவிளக்கிலே படித்து உயர்ந்தவரைச் சான்று காட்டுவர். உயர்ந்தவரை வணங்குவோம். ஆனால் தெருவிளக்கிலே படிக்க முயன்று கண்ணும் மனமும் சோர்ந்து வீடு திரும்பியவர் எத்தனை பேர்? அவர் பெயரை எந்த ஏடு அச்சிட்டது? நீந்தித் தப்பிய ஒருவனைக் காட்டிப் பாலம் வேண்டாம் என்பது அறிவாகுமா?

அஞ்சும் பிள்ளையின் மனத்தை எண்ணிப் பாருங்கள். எந்த இருக்கையில் அமரலாம்? எந்தக் குழாயில் நீர் பிடிக்கலாம்? எவனோடு பேசினால் மாலையில் வழிமறிப்பர்? இந்தக் கணக்கையே நாள் முழுதும் போட்டுக்கொண்டிருப்பவன் கரும்பலகைக் கணக்கை எப்போது போடுவான்? அஞ்சவைக்கும் பிள்ளையும் வெல்வதில்லை. பக்கத்துப் பலகைக்காரனை எதிரியென்று எண்ணுபவன் அவனிடம் ஐயம் கேட்க மாட்டான். நாற்பது ஆசிரியர் இருந்த வகுப்பு நான்கு கூட்டமாய் உடைந்து, ஒவ்வொரு கூட்டமும் பத்து ஆசிரியரோடு நின்றுவிடுகிறது. இதுதான் கயிறு வாங்கும் வரி!

தாமிரபரணிக் கரை கல்விக்குப் புதியதன்று. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்றழைப்பர். அங்கே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெண்களுக்குக் கல்லூரி எழுந்தது. சாரா டக்கர் கல்லூரி 1895-இல் தோன்றியது. கண்ணற்றாருக்கும் செவியற்றாருக்கும் பள்ளிகள் எழுந்தன. பார்க்க இயலாத பிள்ளைக்கும் கேட்க இயலாத பிள்ளைக்கும் படிப்பு வரும் என்று மெய்ப்பித்த மண்ணிலே, இன்ன தெருவிலே பிறந்த பிள்ளைக்குப் படிப்பு வராது என்று கூற எவருக்கு வாய் எழும்?

ஆகவே நாம் செய்ய வேண்டியது தெளிவு. அரசு, நீதிபதி சந்துருவின் அறிக்கையைப் பேழையிலே உறங்க விடலாகாது. பள்ளிதோறும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். தலைமை ஆசிரியர், இருக்கை வரிசையைத் தம் கையால் அமைத்து, திங்கள்தோறும் மாற்ற வேண்டும். ஆசிரியர் தம் சாதியைப் பள்ளி வாயிலுக்கு வெளியே கழற்றி வைக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் அமர்ந்திருக்கும் பெற்றோர், மதிற்சுவரையும் கழிப்பறையையும் கேட்பதுபோல், "எங்கள் பிள்ளைகள் சேர்ந்து உட்காருகின்றனரா?" என்றும் கேட்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு, தோழரே. இன்று மாலை உங்கள் பிள்ளையை அருகே அழையுங்கள். மதிப்பெண்ணைப் பிறகு கேளுங்கள். "உன் பக்கத்தில் உட்காருபவன் யார்? அவன் வீட்டுக்கு நீ போயிருக்கிறாயா? அவனை நம் வீட்டுக்கு அழைத்திருக்கிறாயா?" என்று முதலில் கேளுங்கள். பிள்ளை தயங்கினால் பாடம் அங்கே தொடங்கட்டும். கையில் நிறக்கயிறு இருந்தால், அதட்டாமல், அடிக்காமல், காரணம் கூறி நீங்களே அவிழ்த்துவிடுங்கள்.

நூறாண்டுக்கு முன் சேரன்மாதேவியில் பந்தியைப் பிரித்தவர்களை வரலாறு மறக்கவில்லை. பின்னர் பந்தியைச் சேர்த்தவர்களையும் அது மறக்கவில்லை. கதிரொளியை மின்சாரமாக்கும் ஆலை கங்கைகொண்டானுக்கு வந்துவிட்டது. அதன் வாயிலிலே நம் பிள்ளைகள் தோளோடு தோள் சேர்ந்து, தலைநிமிர்ந்து நுழையட்டும். அதற்கு வேண்டிய சோற்றைத் தமிழ்நாடு ஆக்கிவிட்டது. கயிற்றை அவிழ்ப்பது நம் கையில் இருக்கிறது!