சிறுசேரி எதற்குத் தயார்?

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றிக் குடியேறியவர்களிடம் தற்சார்பு மோகம் கூடியிருக்கிறது. பால்கனியில் கீரைத்தொட்டி, மொட்டைமாடியில் சோலார், கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் மதுராந்தகம் பக்கம் ஒரு பண்ணை மனை. இயற்கை வேளாண்மைக்காக நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசிய சொல்லை இன்று மனை விற்பவர்களும் பேசுகிறார்கள். இந்த ஆசையைக் கேலி செய்ய முடியாது. 2015 பெருவெள்ளம், 2016 வர்தா புயல், 2019 தண்ணீர்ப் பஞ்சம், 2023 மிக்ஜாம் புயல் என்று எட்டே ஆண்டுகளில் நான்கு அடி வாங்கிய பகுதி இது. பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் இந்த இடம் எதற்குத் தகுதி என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், விடை மனை விளம்பரங்களுக்கு நேர் எதிராக வருகிறது. இங்கே ஒரு குடும்பம் தனியாகத் தற்சார்பாக வாழ முடியாது. ஓர் ஊராட்சி வாழலாம், ஏரியைக் காப்பாற்றிக்கொண்டால்.

சென்னை மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோடு முடிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே நாவலூர், சிறுசேரி, படூர் எல்லாம் ஊராட்சிகள். பதினைந்து மாடி எழுந்து நின்றாலும் ஊராட்சிதான். ஐந்நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். நகர்ப்புறத்துக்கு வகுத்திருக்கும் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். வீட்டுக்கு நால்வர் என்றால் 540 லிட்டர், ஐந்நூறு வீட்டுக்கு 2.7 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் அது இருபத்து மூன்று நடை. போர்வெல் கொஞ்சம் கொடுக்கும், சுத்திகரித்த கழிவுநீர் கழிப்பறைக்குப் போகும், மிச்சத்துக்கு லாரிதான். லாரி நின்றால் சம்ப் எத்தனை நாள் தாங்கும்? மின்சாரம் போனால் சம்ப்பில் இருக்கும் தண்ணீரும் மேலே ஏறாது. ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். டீசலும் லாரி வரும் அதே பழைய மகாபலிபுரம் சாலையில், ஓ.எம்.ஆரில்தான் வரவேண்டும். 2019 ஜூனில் இந்தச் சாலையில் இருந்த மென்பொருள் நிறுவனங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதற்குப் புயலோ போரோ காரணமில்லை. அலுவலகத்தில் தண்ணீர் இல்லை. நாலு வருஷம் முன்பு வெள்ளத்தில் படகு விட்ட மாநகரம் அது.

மழைக்கு இங்கே குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர்; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆயிரம் சதுர அடிக் கூரையுள்ள தனி வீட்டின் மேல் அப்படி விழும் தண்ணீர் 1.1 லட்சம் லிட்டர். நால்வருக்கு அரை வருஷத் தேவைக்கு மேல். இதே கூரையைப் பதினைந்து மாடிக்குப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்குக் கிடைப்பது சுமார் 7,400 லிட்டர், அதாவது இரண்டு வாரம். 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்பு நல்ல சட்டம்தான், ஆனால் அடுக்குமாடிக்கு அது மட்டும் சோறு போடாது. ஏரியின் கணக்கு வேறு. நூறு ஏக்கர் ஏரியில் ஐந்தடி தண்ணீர் நின்றால் அது சுமார் 60 கோடி லிட்டர். வெயிலுக்குப் பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் ஆயிரத்து ஐந்நூறு குடும்பங்களுக்கு ஒரு வருஷம் வரும். போதாக்குறைக்கு நிலத்தடி நீரையும் ஏற்றிக் கொடுக்கும். கடலும் உப்பங்கழியும் பக்கத்திலேயே இருக்கும் ஊரில், உப்புநீர் உள்ளே வராமல் தடுப்பதும் அந்த ஊறல்தான்.

சிறுசேரி இருக்கும் செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொன்னது சும்மா இல்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீரில் சுமார் 2,000 ஊர்களை அளந்து எழுதினார். ஊருக்கு ஊர் ஏரி, ஏரியைப் பார்க்க ஆள், அந்த ஆளுக்கு விளைச்சலில் பங்கு. அதை அப்படியே பொற்காலமாக்கவும் வேண்டாம். 1876–78 தாது வருஷப் பஞ்சம் இந்த மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நிலமற்றவர்கள் பட்ட பாட்டை இதே மாவட்டத்தின் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கையாக எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் பிறந்தது அதிலிருந்துதான். ஏரித் தண்ணீர் யாருக்கு என்பதைச் சாதி தீர்மானித்த காலம் திரும்ப வேண்டாம். மதகும் கலங்கலும் வரத்துக் கால்வாயும் திரும்பினால் போதும்.

கடல்நீரை நன்னீராக்கும் நெம்மேலி பக்கத்தில் இருக்கும்போது ஏரி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அங்கே 2013இல் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், 2024இல் மேலும் 15 கோடி லிட்டர் என்று இரண்டு ஆலைகள் வந்துவிட்டன. வறட்சிக்கு அது பெரிய காவல். ஆனால் கடல்நீரை நன்னீராக்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். குழாயும் முதலில் பார்ப்பது மாநகரத்தை. உணவுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். நால்வருக்கு வருஷத்துக்கு அரிசி மட்டும் விளைவிக்கவே நாற்பது சென்ட் நன்செய் வேண்டும். சிறுசேரியில் நாற்பது சென்ட் என்ன விலை என்று கேட்டால் மயக்கம் வரும். அதற்குப் பதில் எல்லா அட்டைதாரரையும் சேர்த்துக்கொண்ட ரேஷன் கடை இருக்கிறது. ஐப்பசி பிறக்குமுன் இரண்டு வார அரிசி, பருப்பு, பால் பவுடர், மருந்து, கேன் தண்ணீர் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். மிக்ஜாமின்போது பால் பாக்கெட்டுக்கு அலைந்தவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. கல்பாக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள்: அணுமின் நிலையத்தின் அவசரகாலத் திட்ட வளையம் 16 கிலோமீட்டர், சிறுசேரி அதற்கு வெளியே இருக்கிறது.

வாடகைக்கு வந்துபோகிறவர்கள் ஏரியையா காப்பார்கள் என்பதுதான் கடைசியாக வரும் மறுப்பு. இருப்பதில் வலுவானதும் அதுதான். ஆனாலும் இதே ஆட்கள்தான் சங்கம் வைத்து, மாதாமாதம் பணம் பிரித்து, லாரிக்கும் டீசலுக்கும் கணக்கு எழுதுகிறார்கள். சேர்ந்து செயல்படத் தெரியாதவர்கள் இல்லை. சுற்றுச்சுவருக்கு வெளியே சேரவில்லை, அவ்வளவுதான். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று. முதலில் வாக்காளர் பட்டியலில் பெயரை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு கூட்டத்துக்குப் போய், பதிவேட்டில் ஏரியின் பரப்பு எவ்வளவு, இன்று எவ்வளவு, வரத்துக் கால்வாய் எந்தச் சர்வே எண்களில் போகிறது, கலங்கலைக் கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.