பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுப்போம்



"போன் குடுத்தாத்தான் சமைக்க ஏலும் டீச்சர்" என்று ஒன்றரை வயதுப் பிள்ளையின் உம்மாமார் சொல்கிறார்கள். நாங்களும் கொடுத்தவர்கள்தான். ஆனால் அந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல்.

பிள்ளை கேட்பது போனை அல்ல, நம் பக்கத்தில் ஓர் இடத்தை. சின்னச் சட்டியில் கொஞ்சம் தண்ணீரும் இரண்டு சிரட்டையும் கொடுப்போம். ஊற்றி ஊற்றி விளையாடும். பக்கத்திலேயே நிற்போம், தண்ணீரோடு தனியே விட வேண்டாம். வெங்காயத்தைக் கூடையில் போடச் சொல்வோம். காய்ந்த உடுப்பை ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொல்வோம்.

வேலை சுணங்கும், உண்மைதான். ஆனால் நாளைக்கு முதலாம் ஆண்டில் பென்சில் பிடிக்கப்போகும் விரல்கள் இங்கேதான் பழகுகின்றன. வாப்பாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

நிலம் நனைந்தால் ஒரு துணியைக் கொடுங்கள். அதையும் பிள்ளை சந்தோஷமாகத் துடைக்கும்.