குடும்பத்தோடு போகும்போது வசூல் நோட்டு எதற்கு?



சங்கக் கூட்டங்களில் பேச வருகிறவர்கள் ஒன்றைத் தவறாமல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். "வாரத்தில் ஒரு நாளாவது கடையை மறந்து குடும்பத்தோடு வெளியே போங்கள்" என்பார்கள். நாமும் கை தட்டுகிறோம். மறுநாள் காலை ஐந்தரைக்குக் கடையைத் திறந்துவிடுகிறோம். மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்தாலும், மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்து துவரம்பருப்பு என்ன விலை போகிறது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மளிகைக்காரனால் கடையை மறக்க முடியாது. மறந்தே ஆகவேண்டும் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் குடும்பத்தோடு போகிற பயணத்தில் எந்த வியாபாரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம், எதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்பதில் நாம் நாற்பது வருஷமாகத் தப்பாகவே நடந்திருக்கிறோம். 2025 புரட்டாசியில்தான் அது உறைத்தது. நம் கதையில் தங்கள் கதையும் கொஞ்சம் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறோம்.

நமக்கு விருதுநகரில் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம். அந்த வருஷம் ஜூலையில் திருச்செந்தூர் கும்பாபிஷேகம் முடிந்ததிலிருந்து, ஒரு நடை போய் வரவேண்டும் என்று வீட்டம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். சஷ்டிக் கூட்டம் வருவதற்குள் போய்விடலாம், சனிக்கிழமை கிளம்பி இரவு தங்கி, ஞாயிறு காலையில் கடலில் குளித்து, சாமி கும்பிட்டுத் திரும்பலாம் என்று ஏற்பாடு. அவரிடம் சொன்னது இவ்வளவுதான். சொல்லாமல் விட்டது, பையில் துண்டுக்கு அடியில் வைத்த வசூல் நோட்டு. தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. அந்தப் பக்கத்துக் கடைகளில் பழைய பாக்கி நிற்கிறது. தூத்துக்குடியில் உப்பும் பார்க்கவேண்டும். ஐப்பசி மழை விழுந்தால் பாத்தியில் வேலை நின்றுபோகும், மறுபடி உப்பு வாருவதற்குத் தை, மாசி ஆகிவிடும். மழைக்கு முன்னால் பேசி வைக்கிறவனுக்குத்தான் லாபம் என்பது தங்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. டீசல் எப்படியும் போடுகிறோம், ஒரே செலவில் இரண்டு காரியம் என்று கணக்குப் போட்டோம்.

அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி போய்ச் சேரும்போது மணி ஒன்பது. "பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு உப்புக் கிட்டங்கிக்குள் போனோம். வெளியே வரும்போது பத்தே முக்கால். அன்று புரட்டாசிச் சனி. வீட்டம்மாள் விரதம். வெயிலில் நின்ற காருக்குள் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் நமக்குப் பயமாக இருந்தது. முத்தையாபுரம் தாண்டி இரண்டு பக்கமும் உப்புக் குவியல் வெள்ளை வெளேரென்று வரும்போது அதைக் காட்டிப் பேச்சுக் கொடுத்தோம். "ம்" என்றார். ஆத்தூரில் ஆற்றுப் பாலம் தாண்டி வெற்றிலை வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

திருச்செந்தூர் பக்கத்தில் ஒரு கடைக்காரத் தம்பி இருக்கிறார். பதினெட்டு வருஷப் பழக்கம். பாக்கி 84,000 ரூபாய். அதில் பாதி ஆறு மாதத்துக்கு முந்தியது. சும்மா எட்டிப் பார்க்கிறமாதிரி போய், இரண்டு வார்த்தை பேசி, ஒரு இருபதாயிரமாவது வாங்கிவிடலாம் என்று நினைப்பு. காரைக் கண்டதும் அந்தத் தம்பி கல்லாவை விட்டு ஓடி வந்தார். "அண்ணாச்சி, மதினியக் கூட்டிட்டு வந்துட்டு வெளியவே நிக்கீகளே" என்று கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போய்விட்டார். வீடு கடைக்குப் பின்னால்தான். இலை போட்டு, விரதத்துக்கு ஏற்றாற்போல வெங்காயம் பூண்டு இல்லாமல் தனியாகச் சமைத்து, அந்தம்மாள் பரிமாறினார். பாயசம் வேறு. அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நோட்டை எப்படி எடுப்பது? பாயசத்தை விழுங்கும்போதே இருபதாயிரமும் உள்ளே போய்விட்டது என்று தெரிந்துகொண்டோம்.

அதோடு முடிந்திருந்தால் நம் நஷ்டம் மட்டும்தான். சாயங்காலம் அவரே கூட வந்து, கோயிலில் வரிசை காட்டி, எட்டரை மணி வரைக்கும் நம்முடன் நின்றார். சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் வாங்கிய கூட்டம் மளிகைக்கு வருகிற நேரம். கல்லாவில் ஒரு சின்னப் பையன். செப்டம்பர் 22-லிருந்து ஜிஎஸ்டி விகிதம் மாறியதில், பழைய விலை அச்சடித்த பாக்கெட்டுகளைப் பார்த்து வாடிக்கையாளர் கேள்வி கேட்கிற சமயம் வேறு. அந்தப் பையன் என்ன பதில் சொல்லியிருப்பான்? நம்முடைய உல்லாசத்துக்கு ஒரு சில்லறைக் கடைக்காரர் தம்முடைய சனிக்கிழமை விற்பனையைக் கொடுத்தார். மொத்த வியாபாரி குடும்பத்தோடு வந்து நின்றால் அவர் "இப்ப நேரமில்லை" என்று சொல்லவா முடியும்? பாக்கி வைத்திருக்கிறவர் ஆயிற்றே! நாமும் கேட்க முடியவில்லை, அவரும் தம் கஷ்டத்தைச் சொல்ல முடியவில்லை. இரண்டு பெண்களும் பக்கத்தில் நிற்கிறார்கள். வசூலுக்குத் தனியாகப் போனால் அவர் நம்மிடம் மனம் விட்டுப் பேசுவார், நாமும் கொஞ்சம் குரலை உயர்த்துவோம், ஏதாவது ஒரு வழி பிறக்கும். குடும்பத்தோடு போனால் இரண்டும் இல்லை. இதைத்தான் நாம் முதலில் சொல்ல வந்தது.

மறுநாள் விடிவதற்குள் கடலுக்குப் போய்விட்டோம். குளித்து, நாழிக்கிணற்றிலும் குளித்து, தலை காய மணலில் உட்கார்ந்தபோது வீட்டம்மாள் கேட்டார்: "அந்தத் தம்பி எவ்வளவு தரணும்?"

அதெல்லாம் உனக்கு எதற்கு என்றோம்.

"பத்திரத்துல என் பேரும் இருக்குல்லா?"

இருக்கிறது. 1998-இல் தம்பியோடு பாகம் பிரிந்தபோது, கூட்டு வியாபாரமாக எழுதிய பத்திரம். பங்குதாரர் இரண்டே பேர், நாமும் வீட்டம்மாளும். அவருக்கு நூற்றுக்கு இருபத்தைந்து. அப்போது ஆடிட்டர் சொன்னார், எழுதினோம். அன்றிலிருந்து எங்கே விரலைக் காட்டுகிறோமோ அங்கே கையெழுத்துப் போடுவார். பேங்க் கடனைப் புதுப்பிக்கும் தாள்களைக்கூட, அடுப்படியில் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டுத்தான் போட்டுக் கொடுத்தார். எத்தனை லட்சம் என்று நாம் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை.

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அவுக யாரத் தேடி வருவாக? என்னத்தான?" என்றார்.

நமக்குச் சொல்லப் பதில் இல்லை. 1932-ஆம் வருஷத்துக் கூட்டாளிச் சட்டப்படி, கடையின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் முழுக்கப் பொறுப்பு. கால் பங்குக்காரர் கால் பங்குக் கடனோடு தப்பித்துக்கொள்ள முடியாது. கடைச் சொத்து போதாவிட்டால் சொந்தச் சொத்து வரைக்கும் வரும், அவர் பேரில் இருக்கிற வீடும் சேர்த்து. இன்னொன்றும் உண்டு. மூன்று நான்கு பேர் கூட்டாக இருந்து ஒருவர் இறந்தால், மற்றவர்கள் தொடர்ந்து நடத்தலாம் என்று பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எழுதாவிட்டால் இறந்த அன்றோடு கூட்டு கலைந்துவிடும். இரண்டே பேர் இருந்து ஒருவர் போனால், பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் கூட்டு இல்லை, ஒற்றை ஆளோடு கூட்டு வியாபாரம் ஏது? மிஞ்சியவர் புதிதாக ஜிஎஸ்டி பதிவு வாங்கித்தான் கடை நடத்தவேண்டும். நம் சங்கத்தில் மனைவியைச் சேர்த்து இரண்டு பேர் பத்திரம் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேரா? அந்த அம்மாள்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் நம் பஜாரில் ஒருவர் பதினோரு நாளில் போய்விட்டார். நல்ல வியாபாரி. பேரேட்டில் பாதி, சட்டைப் பை சிட்டையில் பாதி, மீதி மனதில் என்று கணக்கு வைத்திருந்தவர். அவரிடம் வாங்கவேண்டியவர்கள் மூன்றாம் நாளே முகக்கவசத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். அவருக்குக் கொடுக்கவேண்டியவர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. அந்தம்மாளுக்கு யார் பேரும் தெரியாது. சிட்டையில் "பெ.கு. 40", "வடக்குத்தெரு 15" என்று எழுதியிருக்கிறது. நாற்பது என்றால் நாற்பதாயிரமா, நாற்பது மூடையா? நாமும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். தெரிந்ததை வசூலித்துக் கொடுத்தோம். தெரியாதது போனது போனதுதான். அந்த வீட்டு வாசலில் நின்ற நாமே, நம் வீட்டில் நான்கு வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

அன்று மணலில் வெயில் ஏறும் வரைக்கும் பேசினோம். யார் யார் எவ்வளவு தரவேண்டும், நாம் எந்தெந்த மண்டிக்குத் தரவேண்டும், பேங்க் கடன் எவ்வளவு, எந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது, எல்லாம். வசூல் நோட்டு அதற்குத்தான் உதவியது. வீட்டில் இதைப் பேசியிருக்க முடியாது. போன் அடிக்கும், மகன் வருவான், குக்கர் கூப்பிடும்.

84,000 வந்த இடத்தில் வீட்டம்மாள் நிறுத்தினார். அந்தத் தம்பி வீட்டு நகை முழுவதும் அடகில் இருக்கிறதாம். சின்ன மகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அடுப்படியில் அந்தம்மாள் சொல்லியிருக்கிறார். பதினெட்டு வருஷப் பழக்கத்தில் நமக்குத் தெரியாதது, அரை மணி நேரத்தில் இவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்காகப் பாக்கியைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. "வாரம் மூவாயிரம் கேளுங்க, தீபாவளிச் சரக்கு ரொக்கத்துக்குக் குடுங்க" என்றார். ஊர் திரும்பிய பிறகு போனில் அப்படியே பேசினோம். நான்கு வாரம் ஒழுங்காக வந்தது. ஐந்தாவது வாரம் வரவில்லை. ஆறாவது வாரம் இரண்டாயிரம் வந்தது. பார்க்கலாம்.

ஆகவே நாம் சொல்வது, வசூலுக்குப் போகிற நாளில் தனியாகப் போங்கள். கொள்முதல் வேலை வழியில் இருந்தால், எங்கே, எத்தனை மணி நேரம் என்று கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லுங்கள், "பத்து நிமிஷம்" வேண்டாம். வாடிக்கைக் கடைக்காரர் வீட்டில் குடும்பத்தோடு போய் இறங்காதீர்கள். மனைவி பேர் பத்திரத்தில் இருந்தால், பத்திர நகலையும் பேங்க் தாளையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கோ மலைக்கோ போய் உட்காருங்கள். இந்த ஒரு வியாபாரத்தை உல்லாசத்தோடு தாராளமாகக் கலக்கலாம். பத்திரத்தில் பேர் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள். வாங்கவேண்டியவர்கள் வாசலுக்கு வரும்போது பத்திரத்தைப் பார்த்துவிட்டா வருவார்கள்?

அறை வாடகையையும் டீசலையும் கடைக் கணக்கில் எழுதலாமா என்று ஆடிட்டரைக் கேட்டோம். தூத்துக்குடி வரை உப்புக்காகப் போனது கடைச் செலவு, அதற்குமேல் சாமி கும்பிடப் போனது சொந்தச் செலவு என்றார். வீட்டம்மாளும் பங்குதாரர்தானே என்றோம். "அவங்க என்ன வியாபாரம் பேசினாங்க அண்ணாச்சி?" என்று சிரித்தார். இருந்த வியாபாரத்தையே அவர்தான் பேசினார் என்று சொல்ல வாய் வந்தது. எதற்கு என்று சொந்தக் கணக்கிலேயே எழுதிவிட்டோம்.

மகனையும் மூன்றாவது பங்குதாரராகச் சேர்த்துப் பத்திரத்தைத் திருத்தி எழுதச் சொல்லியிருக்கிறோம். இந்தத் தடவை படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வீட்டம்மாள் சொல்லிவிட்டார். அடுத்து மணப்பாடு கடற்கரைக்குப் போகலாம் என்கிறார். அங்கே நமக்கு வாடிக்கைக் கடை எதுவும் கிடையாது என்பதை ஏற்கனவே விசாரித்து வைத்திருக்கிறார்.