காயம் இருக்கிறது, கடதாசி எங்கே?

கொரியப் போரிலே காயப்பட்ட அமெரிக்கப் படைவீரர் ஒருவர், தமது காயத்துக்குரிய பதக்கத்தைத் தரும்படி தம் நாட்டுத் தரைப்படையிடம் முதுமையிலே விண்ணப்பித்தார். 1951இல் அவருடைய அணி கடும் தாக்குதலுக்குள்ளானபோது ஷெல் துண்டு தொடையிலே பாய்ந்தது. அந்தத் துண்டு இன்னும் உடலுக்குள்ளேயே இருந்தது. ஆனால் தரைப்படை கேட்டது துண்டையல்ல, கடதாசியை. களத்திலே தமக்குக் கட்டுப்போட்ட மருத்துவ உதவியாளர், பதிவு எழுத முன்னரே மாண்டுபோயிருக்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அந்த விளக்கம் எடுபடவில்லை. 2023இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். செனற்றர் ஒருவரும் அவருக்காகப் பேசினார். 2024ஆம் ஆண்டில், 96 வயதில், அந்தப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ஷெல்லுக்கு அஞ்சி வீட்டையும் வயலையும் விட்டு ஓடிய எமக்கு, வேறொரு நாட்டுப் படைவீரரின் பதக்கத்தைப் பற்றி என்ன கவலை என்று வாசகர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். போர்ப் பதக்கங்களைப் புகழ்வதற்கு இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. ஆனால் அந்த மனிதர் நின்ற வாசலிலே நாமும் நின்றிருக்கிறோம். உடம்பிலே வடு இருக்கிறது, வைத்தியசாலைத் துண்டு இல்லை. வயல் இருக்கிறது, உறுதி இல்லை. மேசைக்கு அப்பால் இருப்பவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கோவையைப் பார்க்கிறார். ஆகையால் உலகிலேயே செல்வமும் வசதியும் மிகுந்த படை ஒன்று தன் சொந்த வீரரையே இப்படி நடத்தியது எவ்வாறு என்பதை அறிவது எமக்குப் பயன்படும்.

அந்தப் பதக்கத்தின் பெயர் 'பேர்ப்பிள் ஹார்ட்', அதாவது ஊதா இதயம். 1782இல் ஜோர்ஜ் வாஷிங்டன் ஊதாத் துணியினாலான இதய வடிவச் சின்னமொன்றைச் சாதாரண சிப்பாய்களுக்கென ஏற்படுத்தினார். பின்பு அது மறக்கப்பட்டு, அவருடைய இருநூறாவது பிறந்த தினமான 1932 பெப்ரவரி 22ஆந் திகதி பதக்கமாகப் புத்துயிர் பெற்றது. இன்று அது வீரத்துக்கான பரிசன்று. மேலதிகாரி சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. எதிரியின் செயலால் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும், அது மருத்துவர் கவனிக்கத்தக்க காயமாயிருக்க வேண்டும், அந்தச் சிகிச்சை பதிவிலே இருக்க வேண்டும். இவை இருந்தால் அது அவருடைய உரிமை. குளிரிலே விரல்கள் கருகி விழுந்தாலும் பதக்கம் இல்லை. போரினால் மனம் உடைந்தவர்களுக்கும் இல்லையென்று 2009இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் அறிவித்தது. அந்த முடிவு சரியோ என்பது தனி விவாதம். எனக்கு அது சரியாகத் தோன்றவில்லை.

சிக்கல் வருவது மூன்றாவது நிபந்தனையிலேதான். காயம் எங்கே ஏற்படுகிறது? பதுங்குகுழியிலும் மலைச்சரிவிலும் ஏற்படுகிறது. அங்கே பேனாவோடு எவர் நிற்பார்? காயம் சிறிதென்றால் கட்டுப்போட்டுத் திரும்பவும் அணிக்கு அனுப்பிவிடுவார்கள். காயம் பெரிதென்றால் எழுத வேண்டியவரே விழுந்து கிடப்பார். எங்கே சண்டை மிகக் கடுமையாக இருந்ததோ அங்கேதான் பதிவுகள் மிகக் குறைவாக இருக்கும். இந்த எளிய உண்மையைக் கந்தோர்கள் இலகுவில் ஒப்புக்கொள்வதில்லை.

எழுதிவைத்த பதிவுகளாவது தப்பினவா? 1973 ஜூலை 12ஆந் திகதி, மிசூரி மாநிலத்தில் சென் லூயிஸ் நகருக்கு அருகேயுள்ள தேசிய ஆளணிப் பதிவேடுகள் நிலையத்தின் ஆறாம் மாடியிலே தீப்பற்றியது. ஒரு கோடியே அறுபது இலட்சத்துக்கும் ஒரு கோடியே எண்பது இலட்சத்துக்கும் இடைப்பட்ட கோவைகள் அழிந்தன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியவர்களின் கோவைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விட்டது. இரண்டு உலகப் போர்களும் கொரியப் போரும் இந்தக் காலத்துக்குள் அடங்குகின்றன. அக்கோவைகளுக்குப் பிரதியும் இல்லை, நுண்படமும் இல்லை, எந்தெந்தப் பெயர்கள் இருந்தன என்ற அட்டவணைகூட இல்லை. தண்ணீரிலே ஊறிய கட்டுகளை விண்வெளிப் பயணத்துக்கெனக் கட்டப்பட்ட வெற்றிட அறையிலே வைத்து உலர்த்தினார்கள். அவ்வளவு அறிவுள்ள நாடு, முன்னதாக ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வைக்கவில்லை.

எரேமியா இறைவாக்கினர் இந்த விடயத்திலே அவர்களைவிடக் கெட்டிக்காரர். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாட்களில், தாம் காவலிலே அடைபட்டிருக்க, ஆனதோத்திலுள்ள வயலொன்றைப் பதினேழு செக்கேல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்கினார். சாட்சிகளைக் கொண்டு ஒப்பமிடுவித்தார். முத்திரையிட்ட பத்திரமொன்று, திறந்த பத்திரமொன்று, இரண்டையும் நெடுநாள் கெடாதிருக்க மண்சாடிக்குள்ளே வைக்கும்படி பாரூக்கிடம் கொடுத்தார். நாடு அந்நியர் கையிலே போகப்போகிறதென்று நன்றாகத் தெரிந்த மனிதர் செய்த காரியம் இது.

தீயிலே கோவை எரிந்த வீரர் என்ன செய்யலாம்? சம்பளப் பற்றுச்சீட்டுகள், அணியின் அன்றாடக் காலை அறிக்கைகள், வைத்தியசாலை அனுமதிப் பட்டியல்கள் முதலியன வேறிடங்களில் இருந்தன. அவற்றைக் கொண்டு பலருடைய சேவை விபரங்களைத் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். நேரிலே கண்ட தோழர்களின் சத்தியக்கடதாசிகளையும் கொடுக்கலாம். அதன் பின்பும் மறுக்கப்பட்டால், 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான பதிவுத் திருத்தச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். மூன்று வருடக் காலவரையறை உண்டு, நீதியின் பொருட்டு அதைத் தளர்த்தவும் இடமுண்டு. நல்ல ஏற்பாடு போலவே தெரிகிறது. ஆனால் அந்தச் சபை, படையின் பதிவு சரியானது என்ற எண்ணத்தோடுதான் விசாரணையைத் தொடங்குகிறது. பிழையென்று நிரூபிக்கும் சுமை விண்ணப்பதாரருடையது. 96 வயதுக்காரர் சாட்சிக்குத் தம் தோழர்களை எங்கே தேடுவார்?

இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அதே நாட்டிலே இன்னொரு வாசலும் உண்டு. காயத்துக்கான மாதாந்த உதவிப்பணத்தைக் கொடுப்பது முன்னாள் படைவீரர் திணைக்களம். அதற்குரிய சட்டம் வேறு விதமாகப் பேசுகிறது. சண்டையிலே ஈடுபட்டவர் தம் காயத்தைப் பற்றிச் சொல்வது அந்த இடத்துக்கும் சூழலுக்கும் பொருந்துமானால், அரச பதிவு எதுவும் இல்லாவிட்டாலும் அதைப் போதிய சான்றாக ஏற்க வேண்டும். மறுப்பதானால் தெளிவான எதிர்ச்சான்றை அரசுதான் காட்ட வேண்டும். இரு பக்கச் சான்றும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பயன் விண்ணப்பதாரருக்கே. ஒரே மனிதர், ஒரே தொடை, ஒரே ஷெல் துண்டு. ஒரு வாசலிலே அவருடைய வாய்ச்சொல்லுக்குப் பெறுமதி உண்டு, மறு வாசலிலே இல்லை.

பணத்துக்கு நம்பலாம், பதக்கத்துக்கு நம்பக்கூடாது என்பது எனக்கு விளங்காத நியாயம். பொய் சொல்லிப் பதக்கம் கேட்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். வாங்காத பதக்கத்தை வாங்கியதாகப் பொய் சொன்னவர்களைத் தண்டிக்க அங்கே சட்டம் இயற்றி, 2012இல் உயர்நீதிமன்றம் அதைச் செல்லாதென்று சொல்ல, மறுவருடம் திருத்திய சட்டமொன்று வந்தது. நிவாரணப் பட்டியல்களிலே இல்லாத பெயர்கள் ஏறியதை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் பத்துப்பேரில் ஒருவன் பொய்யன் என்பதற்காக ஒன்பது பேரையும் வெளியே நிறுத்துவது விசாரணையாகாது. அது விசாரிக்கும் வேலையைத் தட்டிக்கழிப்பதாகும்.

அரசு மனம் வைத்தால் தானே தேடிச் செல்லும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணமுண்டு. 1942இல் மேற்குக் கரையோரத்திலிருந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ ஒரு இலட்சத்து இருபதினாயிரம் பேர் ஜனாதிபதியின் கட்டளையால் பெயர்த்தெடுக்கப்பட்டு, முட்கம்பி முகாம்களில் வைக்கப்பட்டனர். அவர்களிலே கணிசமானோர் விவசாயக் குடும்பத்தினர். தோட்டங்களைப் பயிரோடு விட்டுவிட்டு, கையிலே தூக்கக்கூடியதை மட்டும் கொண்டு போனார்கள். அந்தக் குடும்பங்கள் முகாமிலே இருக்கப் பிள்ளைகள் 442ஆவது படையணியிலே சேர்ந்து ஐரோப்பாவிலே போரிட்டு, ஊதா இதயப் பதக்கங்களை மிகுதியாகப் பெற்றார்கள். ஆனால் வீரத்துக்கான அதியுயர் பதக்கம் அவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாமலே இருந்தது. 1996இல் காங்கிரஸ் சபை ஒரு சட்டத்தினால் பழைய பதிவுகளை மீளப் பரிசீலிக்கும்படி தரைப்படையைப் பணித்தது. வீரர்கள் வந்து வாசலிலே நிற்க வேண்டியிருக்கவில்லை. கந்தோரே கோவைகளைத் தேடியது. 2000ஆம் ஆண்டு ஜூனில் ஆசிய வம்சாவளியினர் 22 பேருக்கு அந்தப் பதக்கம் வழங்கப்பட்டது. அவர்களிலே பெரும்பாலானோர் அப்போது உயிரோடில்லை. அந்தக் குடும்பங்கள் இழந்த தோட்டங்களுக்கும் முகாம் வாழ்வுக்கும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தினால் மன்னிப்புக் கேட்கப்பட்டு, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் என்று தீர்மானிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். அதற்கும் நாற்பது வருடங்களுக்கு மேல் பிடித்தது.

எமது நிலைமைக்கு வருவோம். இலங்கையில் 2018ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தினால் இழப்பீடுகளுக்கான அலுவலகம் அமைக்கப்பட்டது. அங்கும், பிரதேச செயலகத்திலும், காணிக் கச்சேரியிலும் நாம் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது வாசலின் நியாயத்தைத்தான். ஷெல் விழுந்த காலத்திலே அந்த ஊரிலே இருந்தவர் என்பது தெரிந்தால், அவர் சொல்வது அந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்தினால், வைத்தியசாலைத் துண்டு இல்லையென்ற காரணத்தினால் மட்டும் அவரைத் திருப்பி அனுப்பலாகாது. இடம்பெயர்ந்த வைத்தியசாலையிலே பதிவு இல்லாமற் போனதற்குக் காயப்பட்டவர் பொறுப்பாளியல்லர். இதைச் சங்கங்களும் திருச்சபைகளும் சேர்ந்து எழுத்திலே கேட்க வேண்டும். தனித்தனியே போய் நின்றால் தனித்தனியேதான் திருப்பி அனுப்புவார்கள்.

அதுவரையில் எமது கையிலுள்ள வேலையும் உண்டு. நொத்தாரிசு உறுதி தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகிறது, இன்னொரு பிரதி அவரிடமே இருக்கிறது. உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் ஆண்டும் ஓரளவு ஞாபகமிருந்தாலே தேடத் தொடங்கலாம். அரச காணி அனுமதிப்பத்திரமானால் பிரதேச செயலகத்தின் பேரேட்டைப் பார்க்கும்படி எழுத்திலே கேட்க வேண்டும், வாயாலே அல்ல. கேட்ட கடிதத்தின் பிரதியையும் வைத்திருக்க வேண்டும்.

காயங்களுக்கும் வயல்களுக்கும் அயலவரின் சாட்சியத்தை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வயலின் பெயர், நான்கு எல்லையிலும் இருந்தவர்கள், எந்த ஆண்டு முதல் யார் உழுதார், எந்த மாதம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது, காயப்பட்டவரை எவர் தூக்கினார், மாட்டுவண்டியிலா உழவு இயந்திரத்திலா, எந்த ஊர் வைத்தியசாலைக்கு என்பன இருக்கட்டும். 'எல்லாவற்றையும் இழந்தோம்' என்ற வசனம் கந்தோரிலே ஒன்றுக்கும் உதவாது. சமாதான நீதவான் முன்னிலையிலே ஒப்பமிட்டு, ஒரு பிரதியைப் பங்கு மனையிலும் இன்னொன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் கொடுங்கள். கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போன அயலவர்களும் அங்கிருந்தே சத்தியக்கடதாசி அனுப்பலாம். வயலிலே வேலை குறைந்த நாட்களாகப் பார்த்து, ஊருக்கு இரண்டு படித்த பிள்ளைகள் கொப்பியும் பேனாவுமாகப் புறப்பட்டால் போதும். மிக வயதானவர்கள் இருக்கும் வீடுகளிலே முதலிற் போகட்டும்.